பதினோரு சத்தம்

என் அத்தா மெஹபூப் பாஷா, உத்தனப்பள்ளிக்குப் பக்கத்துக் கல்குவாரியில் இருபத்திரண்டு வருடம் வெடி வைத்தார். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினார்.

அவருக்கு ஒரு முறை இருந்தது. பாறையில் மருந்து நிரப்பிய குழிகளுக்குத் திரிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டுவார். எந்த இரண்டு குழியும் ஒன்றாக வெடிக்கக் கூடாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விரலை மடக்குவார். பத்தைத் தாண்டினால் மறுபடி கட்டைவிரல். ஒரு சத்தம் குறைந்தாலும், வெடிக்காத மருந்து எங்கோ கிடக்கிறது என்று பொருள். அன்று முழுக்கப் பாறைப் பக்கம் ஒருவரையும் விடமாட்டார். வீட்டில் குக்கர் விசிலுக்கும் விரல் மடக்குவார். "இது என்ன குவாரியா?" என்பாள் அம்மா.

1994-இல் நான் சுரங்க டிப்ளமா முடித்து அங்கேயே சேர்ந்தேன். ராகிக் கொல்லையில் கல் பறந்து விழுகிறது என்று ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருந்தார்கள். முதலாளி ஓசூர் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டரும் ஒரு புரோகிராமும் வாங்கினார். பாறையின் உயரமும் குழியின் விட்டமும் கொடுத்தால் போதும். குழிகளுக்கு இடையே எவ்வளவு தூரம், எதில் எவ்வளவு மருந்து, எது முதலில் வெடிக்க வேண்டும் என்று படமே போட்டுத் தரும்.

திரிக்குப் பதில் மின்சார டெட்டனேட்டர் வந்தது. ஒவ்வொரு நம்பரும் முந்தையதற்கு அரை நொடி தள்ளி வெடிக்கும்; பதினோரு நம்பர்கள்தான் கிடைத்தன. நான் போட்ட முதல் படத்தில் குழிகள் பன்னிரண்டு. கடைசி நம்பரைப் புரோகிராம் இரண்டு குழிகளுக்குக் கொடுத்தது.

அத்தா தாளை வெகுநேரம் பார்த்தார்.

"பன்னெண்டு குழிக்குப் பதினோரு சத்தமாடா?"

"கடைசி ரெண்டும் ஒண்ணா வெடிக்கும் அத்தா. பின்வரிசை மூலை."

"ரெண்டும் வெடிச்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டர் கணக்கு தப்பாது" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

குழி போடும் முனிவேல் சிரித்தார். "பாய், இனிமே உங்க விரலுக்கு ரிட்டையர்மென்ட்."

"உன் வாய்க்கு எப்போடா?"

மறுநாள் பகல் ஒரு மணிக்குச் சங்கு ஊதியது. ரோட்டில் இருபுறமும் சிவப்புக் கொடி. அத்தா வெடிக்க வைக்கும் மின்சாரப் பெட்டியின் கைப்பிடியைத் திருகினார். பத்து விரலும் மடங்கி, மறுபடி கட்டைவிரல். பதினொன்று.

ஒரு கல்கூடப் பறக்கவில்லை. மேனேஜர் கைதட்டினார். அத்தா நகரவில்லை.

"கடைசிச் சத்தம் ஒல்லியா இருந்துச்சு."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உடைக்கக் கல் இல்லாமல் கிரஷர் நின்றது. லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன.

"பாய், உங்க பையன் படிச்சவன். பதினொண்ணுன்னு சொன்னான், பதினொண்ணு கேட்டுச்சு. இன்னும் என்ன?" என்றார் மேனேஜர்.

அத்தா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஜமீரு, போகலாமா?"

யாரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை. இரண்டில் ஒன்று வெடிக்காமல் போயிருந்தாலும் சத்தம் பதினொன்றுதான். அது எனக்கு அப்போது தோன்றவில்லை என்று எழுத ஆசை. தோன்றியது. மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு சரியா இருக்கு. போங்க அத்தா."

முனிவேல் எழுந்தார். அத்தா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நான் பார்த்துட்டுக் கூப்பிடறேன்." தொங்கும் கற்களை முதலில் தள்ளிவிடுவது எப்போதும் அவர் வேலை. கடப்பாரையோடு ஏறினார். பின்வரிசை மூலையில் குனிந்தார். ஒரு கல்லிடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பினார்.

வெடித்தது.

லாரியில் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ராயக்கோட்டை தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது.

மாலையில் மேனேஜர் அறிக்கை எழுதிக் கொண்டுவந்தார். வெடித்ததும் அத்தா அவசரப்பட்டுப் பாறைக்குப் போனார் என்று இருந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார். அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்: அரை மணி நேரம் காத்திருந்தார். சந்தேகம் சொன்னார். நான் போகச் சொன்னேன்.

"உனக்கே வினை வச்சுக்கிறியேப்பா" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். அதையே அம்மாவிடம் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.