அண்ணன் மகள் சொன்ன சேதி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இந்தக் கடைவீதியில் நல்ல சோபா என்றால் என் பட்டறைக்குத்தான் கைகாட்டுவார்கள். ஒற்றைச் சுத்தியலோடு வந்து நான் எழுப்பிய பட்டறை அது. முதலாளி சொன்னால் சொன்னதுதான் என்று பேர் வாங்கியவன் நான்.

அங்கே சோபா உறை தைப்பவள் என் அண்ணன் மகள். அண்ணன் போன பிறகு வளர்த்ததும், என்னிடம் மரச்சட்டம் அடிக்கும் தச்சனுக்குக் கட்டிவைத்ததும் நான்தான். வாய்த்துடுக்கு அதிகம். "இந்த ரெக்சினை எலிகூட மோந்து பார்க்காது, இதை வித்தா சித்தப்பா பெரிய ஆளானீங்க?" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்பாள்.

அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். போதும் என்று தச்சன்தான் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டான். சில மாதம் கழித்து வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அப்போதுதான் நிச்சயம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள். "போயிட்டு வந்தேன், எல்லாம் சரி" என்றான் தச்சன்.

இந்த வருடம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. கர்ப்பம்தான் என்ற டாக்டரம்மா, "ஆபரேஷனுக்கு அப்புறமும் சில பேருக்கு நடக்கும்மா. அவரை வந்து டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லு" என்றார்.

"மறைச்சு வைக்க நான் என்ன திருடினேனா?" என்று சொல்லி, விடுமுறை நாளில் என்னையும் வீட்டுக்கு அழைத்து, புருஷன், மாமியார் முன்னால் சேதியை உடைத்தாள்.

மாமியார் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "என் பையன்தான் ஆபரேஷன் பண்ணிட்டானே. இது எங்கேருந்து வந்துச்சு?"

இவள் மாமியார் பக்கம் திரும்பவேயில்லை. "செக்கப்புக்குப் போனீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

தச்சன் நகத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினான். "போனேன்னுதான் அப்பவே சொன்னேனே."

"சரி, இப்ப ஒரு தடவை போயிட்டு வாங்க."

"நான் எதுக்குப் போகணும்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் வளர்ப்பு தப்பாது என்றேன். "உங்க வீட்டுப் பொண்ணுக்கு நீங்க பேசாம, தெருவுல போறவனா பேசுவான்?" என்றாள் மாமியார்.

அந்த வாரமே பட்டறையில், பஞ்சு மெத்தை அடுக்குக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமல், தச்சன் ஒரு சட்டத்தை அவள் தையல் மேசையருகே இறக்கிவைத்துவிட்டு முணுமுணுத்தான்.

"நான் டெஸ்ட் பண்ணிக்கலைன்னு நீதான் கண்டுபிடிச்சிட்டியே. அன்னைக்குப் போனப்ப, சாம்பிள் எடுத்துக் குடுங்கன்னு டப்பாவைக் கையில குடுத்தா அந்த நர்ஸ். கூச்சமா போச்சு, வந்துட்டேன். இப்ப எந்த மூஞ்சியை வச்சு அம்மாகிட்ட சொல்றது?"

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? யாரு பிள்ளைன்னு எனக்குத் தெரியாதா? அங்க போய்ச் சொல்லுங்க."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் சட்டையைப் பிடித்து அவன் அம்மா முன்னால் நிறுத்தி, கேட்டதை அப்படியே சொன்னேன். என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் பேசியதில்லை.

"அப்படியாடா?" என்றாள் அவள்.

அவன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "முதலாளி சொல்றாரு. அவர்கிட்ட சம்பளம் வாங்குறவன் இல்லைன்னு சொல்ல முடியுமா?"

அந்தக் கிழவி தலையை ஆட்டிக்கொண்டாள். யாரை நம்பினாள் என்று கேட்கவே வேண்டியதில்லை. சந்தைக்கே விலை சொல்லும் என் வாய் அங்கே செல்லாக்காசு.

இப்போது என் அண்ணன் மகள் அந்த வீட்டை விட்டு வந்து, பிள்ளைகளோடு பட்டறை மாடியில், பஞ்சு போட்டு வைத்திருந்த அறையில் இருக்கிறாள். பெரியவள் விவரம் தெரிந்தவள். அவளை உட்கார வைத்து, "தம்பியோ தங்கச்சியோ வரப்போகுது. அப்பாவோட பிள்ளைதான். ஸ்கூல்ல யாராவது வேற மாதிரி பேசினா வாயை மூடிட்டு வராதே" என்று இவளே சொன்னாள். அந்தப் பிள்ளை தைத்து முடித்த உறையின் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

தச்சன் கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவள் தையல் மிஷினை நிறுத்தினாள்.

"வேணாம் சித்தப்பா. இருக்கட்டும். தினமும் சட்டத்தைத் தூக்கிட்டு என் மேசைக்கு வரட்டும். வயிறு பெரிசாகிறதைப் பார்க்கட்டும்."