அமலோற்பவத்துக்கு அடித்த மணி

அமலோற்பவம் அக்கா செத்துப்போனதாக ஊருக்கு அறிவித்தவன் நான்தான். இதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொன்னால், அவளே வந்து என் காதைத் திருகுவாள்.

திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊர். சின்னக் கத்தோலிக்கக் கோயில். சாமியார் மாதம் இரண்டு முறைதான் வருவார். மற்ற நாட்களில் கோயிலைத் திறப்பது, செபம் சொல்வது, மணி அடிப்பது எல்லாம் உபதேசியாராகிய என் வேலை. காலை, மதியம், மாலை என்று மூவேளை மணி உண்டு. யாராவது இறந்தால் துக்க மணி. ஆணுக்கு ஒன்பது, பெண்ணுக்கு ஏழு. வயலில் நிற்பவர்கள் விரல் விட்டு எண்ணி, யாராக இருக்கும் என்று யூகித்துக்கொள்வார்கள்.

அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. அவளுடைய அம்மா நிலக்காரர் பஞ்சநதம் வீட்டுப் பண்ணையில் கூலிக்கு நட்டவள். அக்கா அதே வீட்டு நிலத்தில் மூன்று மாவை, அதாவது ஒரு ஏக்கரை, குத்தகைக்குப் பிடித்து முப்பது வருடமாகத் தன் பயிர் வைக்கிறவள். புருஷன் இறந்த வருடமும் நட்டாள். புயலில் எல்லாம் சாய்ந்த அடுத்த வருடமும் நட்டாள். பிரசங்கத்தை நான் "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று முடித்தால் வாசலில் மடக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"சித்தம்னு சொல்லிட்டுப் படுத்துக்கிறதுக்குப் பேரு விசுவாசமா, சூசை? அது சோம்பேறித்தனம். ஆத்துல தண்ணி வருமான்னு தெரியாமலே விதை விடுறோம் பாரு, அது விசுவாசம்."

போன ஆவணியில் நாற்று விட்ட கையோடு நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாமியார் வந்து நோயாளிக்குரிய எண்ணெய் பூசிச் செபித்தார். குணமாவதற்குத்தான் அந்த எண்ணெய் என்று அவரும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் எவன் நம்புகிறான்? எண்ணெய் பூசினால் சவப்பெட்டிக்குச் சொல்லிவிடலாம் என்பதுதான் எங்கள் ஞானம். உபதேசியார் என்ற பெயரை வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டிலிருந்து மருமகள் செலின் அலறுவது கேட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எட்டிக்கூடப் பார்க்காமல் கோயிலுக்கு ஓடி, கயிற்றைப் பிடித்து ஏழு அடித்துவிட்டேன். மாமியாருக்குக் கண் சொருகியதைப் பார்த்துப் பயந்துபோய்க் கத்தியிருக்கிறது அந்தப் பெண், அவ்வளவுதான். ஏழாவது அடிக்கு அக்கா கண்ணைத் திறந்து, "யாருடி செத்தது?" என்று கேட்டாளாம்.

மாலையோடு வந்த பஞ்சநதம், கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடிக்கிறவளைப் பார்த்து, மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார். ஊரே சிரித்தது. ஆனால் மணி கேட்ட சூட்டோடு அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். நடவு மெஷின் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த மூன்று மாவையும் குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டார்.

மூன்று வாரத்தில் அக்கா எழுந்து நடந்தாள். நாற்றங்காலில் அவள் விட்ட நாற்று முத்திக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் விட்டால் மாட்டுக்குத்தான் ஆகும். கம்பை ஊன்றிக்கொண்டு நேரே கோயிலுக்கு வந்தாள்.

"நீ அடிச்ச மணியாலதான் என் வயலு போச்சு. வா, ஐயாகிட்ட வந்து சொல்லு."

"பொறுமையா செபம் பண்ணுவோம்க்கா..."

"செபம் நான் பண்ணிட்டேன். நீ பண்ண வேண்டியது வேற."

பஞ்சநதம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டார். அக்கா உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்த உடம்போட நட்டுட்டீங்கன்னே வச்சுப்போம். தையில அறுப்புக்கு இருப்பீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார்.

"நீங்க இருப்பீங்கன்னு என்ன நிச்சயம், தம்பி?"

முப்பது வருடமாக "ஐயா" என்று கூப்பிட்ட வாய் அது.

"எனக்கும் உங்களுக்கும் நாளை எண்ணி வச்சிருக்கவரு ஒருத்தர்தான். மணி அடிக்கிறவன் இந்தச் சூசை. கூப்பிடுறது இவன் இல்ல. அவரு கூப்பிடுற வரைக்கும் என் வயல்ல நான்தான் நடுவேன்."

பஞ்சநதம் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே அடிச்சீங்க?"

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான்..." என்று இழுத்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "போய்ப் பாக்காம அடிச்சுட்டேங்க. தப்பு என்னுது."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நாளைக்கு மத்தியானம் மெஷின் வருது. மத்தியான மணிக்குள்ள நீங்க நட்டு முடிச்சிட்டா நிலம் உங்களுது. மிச்சம் இருந்தா அவருது." நடக்காது என்ற தைரியத்தில்தான் சொன்னார்.

தெருவுக்கு வந்ததும் அவள் காதருகே சொன்னேன். "கவலைப்படாதீங்கக்கா. மணியைக் கொஞ்சம் தள்ளி அடிக்கிறேன்."

"ஒரு தடவை முந்தி அடிச்ச. இப்ப பிந்தி அடிக்கப் போறியா? நேரத்தை நீட்டுறதும் குறைக்கிறதும் உன் வேலை இல்ல. பன்னெண்டுன்னா பன்னெண்டு."

மறுநாள் விடியும்போதே இருபத்திரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் நாற்றுப் பறித்தார்கள், பாதிப் பேர் நட்டார்கள். செலின் கெஞ்சியும் கேட்காமல் அக்காவும் சேற்றில் இறங்கினாள். நாலு முடி நாற்று நடுவாள், மூச்சு வாங்கிக் கம்பைப் பிடித்து நிற்பாள், மறுபடி குனிவாள். கோயிலுக்குப் பின்னால்தான் வயல். மணிக்கயிற்றின் கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு மெஷின் வந்து வரப்போரம் நின்றது. பன்னிரண்டுக்கு இரண்டு பாய் அகலம் மிச்சம் இருந்தது. அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே அடித்தேன்.

மதிய மணி கேட்டால் நடவாட்கள் நிமிர்ந்து நின்று செபம் சொல்வது எங்கள் வழக்கம். அன்று அவள் சொல்லாமல் நட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், நான் உட்பட. அவள் நிமிர்ந்தாள். சேற்றுக் கையாலேயே நெற்றியில் சிலுவை போட்டாள். ஒரு வார்த்தையையும் விழுங்காமல், அவசரமே இல்லாமல், செபம் முழுவதையும் சத்தமாகச் சொல்லி முடித்தாள். பிறகு யாரிடமும் அனுமதி கேட்காமல் குனிந்து நட ஆரம்பித்தாள்.

மெஷின்காரர் வண்டியைக் கிளப்பினார். வரப்பில் நின்ற பஞ்சநதம் கையைக் காட்டி நிறுத்தினார். கடைசி முடி சேற்றில் இறங்கும் வரை அவரும் நின்றார். அப்புறம், "வண்டியைத் திருப்புங்க" என்றார்.

அக்கா நன்றி சொல்லவில்லை. "தைக்கு வந்து அறுப்பைப் பாருங்க, தம்பி" என்றாள்.

தை கடைசியில் அறுத்தாள். பஞ்சநதமும் வந்து பார்த்தார். முதல் புது அரிசியை ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்து, பீடத்தில் வைத்துவிட்டு, போகும்போது மணிக்கயிற்றடியில் நின்றாள்.

"சூசை, அந்த ஏழு அடியை மறுபடி அடிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து பாரு. நான் வீட்டுல இல்லன்னா போயிட்டேன்னு அடிச்சிடாத. வயல்ல வந்து பாரு."