மூடுபனியில் சொன்ன பொய்

2002-ஆம் வருடம், புரட்டாசிக் கடைசி. ஜெயங்கொண்டத்திலிருந்து நானும் என் கணவரும் மூணாறு மலைக்குப் போயிருந்தோம். வரையாடுகள் வாழ்கிற தேசியப் பூங்காவைப் பார்க்கத்தான்.

அவர் சுற்றுலா வேன் ஓட்டியவர். அந்தப் பூங்கா வாசல் வரைக்கும் எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறார். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. போனவர்கள் திரும்புவதற்குள் வண்டியைத் துடைத்துவிட்டு, சீட்டிலேயே சாய்ந்து தூங்கிவிடுவாராம். அந்த வருடம் சர்க்கரை நோய் அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டது. இடது கண் அடியோடு போனது. வலது கண்ணில் பக்கத்தில் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரியும். அதுவும் நிற்காது என்று திருச்சி டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வருகிற பஸ்ஸில், "அந்த ஆட்ட ஒரு தடவ பாத்துடணும் புள்ள" என்றார்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு பூங்காவின் தார்ச்சாலையில் ஏறினார். பாதி தூரத்தில் பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் நின்றோம்.

"தெரியுதா புள்ள?"

"இல்லீங்க."

ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"அதோ, பாற மேல நிக்குதுங்க" என்றேன்.

"எத்தினி?"

"மூணு. ஒண்ணு குட்டி."

"கொம்பு எப்படி இருக்கு?"

"பின்னால வளைஞ்சிருக்குங்க." வாசலில் இருந்த படத்தில் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

வெறும் வெள்ளையைப் பார்த்து அவர் சிரித்தார். அப்போது பக்கத்தில் குடும்பத்தோடு நின்றிருந்த ஒருவர், "எங்கம்மா நிக்குது? நாங்களும் வந்ததுலேர்ந்து பாக்குறோம், ஒண்ணையும் காணோமே" என்றார்.

அந்த மனிதர் மேல் தப்பில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

என் கணவர் திட்டவில்லை. என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "கண்ணு போனது எனக்கு. நீயும் இல்லாதத சொன்னா, நான் யாரப் போயி கேக்குறது?" என்றார்.

ஓரச் சுவரைத் தடவிக்கொண்டே அவர் இறங்கினார். நான் பின்னால் நடந்தேன். ஒரு வளைவில் பனி விலகியது. சாலையோரப் புல்லில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வரையாடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நெசமாவே நிக்குதுங்க. உங்க வலது கைப் பக்கம்."

அவர் திரும்பவில்லை. எதிரே வந்த பூங்காக் காவலரின் காலடிச் சத்தத்தைக் கேட்டு, "சார், இங்க ஆடு நிக்குதுங்களா?" என்றார்.

"ஆமாங்க, பக்கத்துலயே நிக்குது."

அதற்குப் பிறகுதான் முகத்தைத் திருப்பினார். "சாம்பலா ஏதோ அசையுதுங்க சார்" என்றார். அதையும் அந்தக் காவலரிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

அடுத்த தைக்குள் மிச்சப் பார்வையும் போய்விட்டது. குழம்பு அடிப்பிடித்தாலும், அவர் சட்டையில் கறை இருந்தாலும் இன்றுவரை உள்ளதை உள்ளபடிதான் சொல்கிறேன். இருந்தும், நான் ஏதாவது சொன்னால் அவர் ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார். பாசத்தில் சொன்ன ஒரு பொய் எங்கள் இருவருக்கும் நடுவில் எவ்வளவு தூரத்தை வைத்துவிட்டது என்பது, அந்த ஒரு நொடியில் எனக்கு ஒவ்வொரு நாளும் தெரிகிறது.