மூன்றாம் நம்பர் டிரெய்லரின் துருக்கோடு

1. காலைச் சோதனை

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் எழுபதுகளின் நடுவில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். கொழுந்து ஏற்றும் டிரெய்லர்கள் நான்கு. தினமும் அவை டிராக்டருக்குப் பின்னால் கிளம்பும் முன் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. டயர் காற்று, வீல் நட், பக்கப் பலகையின் தாழ்ப்பாள், கொக்கியில் போடும் பின், கொக்கி விட்டால் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் சேஃப்டி சங்கிலி. ஒரு டிரெய்லருக்குப் பத்து நிமிடம். பார்த்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எல்லா வண்டியும் போன பிறகு, எட்டு மணிக்கு உட்கார்ந்து மொத்தமாக எழுதுவேன். அது தவறு என்று அப்போது தோன்றவில்லை.

என் மனைவி மலைக்குக் கீழே தாப்பாவில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். மகனுக்கு இழுப்பு நோய், மலைக்குளிர் ஆகவில்லை. மாதம் ஒருமுறை பஸ்ஸில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மற்ற நாளெல்லாம் வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான். பேச ஒரே ஆள் வீரப்பன் அண்ணன். டிராக்டர் டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். காலையில் பிளாஸ்க்கில் கோப்பி கொண்டுவருவார். இருவரும் டிரெய்லர் பலகையில் உட்கார்ந்து குடிப்போம். அந்தக் கால்மணி நேரத்துக்காகவே நான் சீக்கிரம் எழுந்த நாள்கள் உண்டு.

2. இன்னிக்கு மட்டும்

மழை விட்டுக் கொழுந்து கொழித்த ஒரு வாரம். மூன்றாம் நம்பர் டிரெய்லரின் டிராபாரை, அதாவது டிராக்டரோடு இணைக்கும் இரும்புத் தண்டை, எண்ணெய்த் துணியால் துடைத்தேன். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட்டைப் பிளந்துகொண்டு ஒரு துருக்கோடு, விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. அப்படித் துரு கசிந்தால் உள்ளே இரும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணே, இது இன்னிக்குப் போகக்கூடாது. கழட்டி வெல்டிங் வைக்கணும்."

வீரப்பன் குனிந்து பார்த்தார். "இத்துனூண்டு கோடு லா. மத்த வண்டியெல்லாம் மேல் டிவிசனுக்குப் போயிருச்சு. கொழுந்து சூடேறிச் செவந்து போச்சுன்னா துரை என்னையத்தான் ஏசுவாரு. இன்னிக்கு மட்டும் வுடு சுப்பையா. சாயந்தரம் கழட்டிக்கலாம்."

"அப்ப ஆள ஏத்தாதீங்க. கொழுந்து மட்டும்."

"ஏத்த மாட்டேன்."

போகச் சொல்லிக் கை காட்டினேன். கொழுந்து வீணாகிவிடும் என்பதற்காக அல்ல. அவர் முகம் சுளித்துவிட்டால் நாளைக் காலை என்னோடு வந்து உட்கார மாட்டாரே என்று பயந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

3. ஆபீஸில்

பகல் இரண்டு மணிக்கு மழை கொட்டியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழு பேர் நனைந்து நடுங்கிக்கொண்டு டிரெய்லரில் ஏறினார்கள். வீரப்பனால் இறங்கு என்று சொல்ல முடியவில்லை. ஃபேக்டரிக்கு மேலே உள்ள வளைவில் டிராபார் முறிந்தது. சங்கிலி பிடித்துக்கொண்டதால் வண்டி பள்ளத்தில் போகாமல் மண்மேட்டில் மோதி நின்றது. ஆறு பேருக்குச் சிராய்ப்பு. ஓரத்தில் உட்கார்ந்திருந்த காமாட்சி அக்கா கீழே விழுந்து, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஜீப்பில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை தோட்டத்து மேனேஜரான துரையின் மேஜையில் என் நோட்டு திறந்திருந்தது. முந்தின நாள் எட்டு மணிக்கு வேறு வேலை வந்து நான் எழுதியிருக்கவில்லை. பக்கம் வெறுமையாக இருந்தது.

"மூணாம் நம்பர யாரு பாத்து அனுப்புனது?" என்றார் துரை.

நான் வாய் திறக்கும் முன் வீரப்பன் சொன்னார்: "யாரும் பாக்கல துரை. இவரு வர்றதுக்கு முன்னாடி நானே மாட்டி எடுத்துட்டுப் போயிட்டேன்."

துரை என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

நான் சிமெண்ட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ஏண்ணே இப்படி?" என்று கேட்டேன்.

"ஒனக்குப் புள்ளைக்கு மருந்து வாங்கணும். நான் ஒண்டிக்கட்டை. லோரி ஓட்டிப் பொழச்சுக்குவேன்."

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டப் போனார். அடுத்த லீவில் தேடிப் போனேன். முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னை ஏசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். கிளம்பும்போதுதான் சொன்னார்: "இனிமே வராத சுப்பையா. ஒன்னயப் பாத்தா நான் சொன்ன பொய்யி ஞாபகம் வருது."

4. காமாட்சி அக்கா

அதற்கடுத்த ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். கால் மாவுக்கட்டில் இருந்தது.

"தெரியும் தம்பி. காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நின்னப்பப் பாத்தேன். நீ குனிஞ்சு தடவிப் பாத்துட்டு, போன்னு கை காட்டுன."

"துரைகிட்ட ஏன்க்கா சொல்லல?"

"வீரப்பன் போயிட்டான். ஒன்னயும் தொரத்திட்டா நாளைக்கு அந்த வண்டிய யாரு பாக்குறது? எங்க தலையெழுத்து, நாங்க அதுலதான ஏறணும்." சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத."

அவர் சொன்னதையே காரணமாக வைத்துக்கொண்டு நான் துரையிடம் போகாமல் இருந்துவிட்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

எட்டு மாதம் கழித்து, காலை இழுத்துக்கொண்டு அக்கா வேலைக்குத் திரும்பினார். தினமும் டிரெய்லர் படியில் கால் வைக்கும் முன் என்னைப் பார்த்து, "பாத்துட்டியா?" என்பார். "பாத்துட்டேன்க்கா" என்பேன். அவ்வளவுதான். எண்பதுகளில் அவர் வேலையை விட்டு நிற்கும்வரை இது நடந்தது. அதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் எனக்குப் பொழுது போன நாள்கள் பல.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டிக்குப் பக்கத்தில் நின்றே நோட்டில் எழுதுங்கள், சக்கரம் உருளும் முன் கையெழுத்துப் போடுங்கள். விரிசல் தெரிந்தால் கொக்கியின் பின்னைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் கோபப்படுவார், ஒரு வாரம் பேச மாட்டார். அன்று வீரப்பன் அண்ணனை நான் அப்படிக் கோபப்பட வைத்திருந்தால், இன்னும் பல வருடம் அவரோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.