கண் விற்கிற பங்காரு ஆசாரி

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உளி முனையை வெள்ளித் தகட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்த பிறகுதான் பங்காரு ஆசாரி மூச்சு விடுவார். அந்தச் சுற்றுதான் கண்ணின் கருமணி. உளியை நடுவில் எடுக்கக் கூடாது. புறப்பட்ட இடத்துக்கே ஒரே இழுப்பில் வந்து சேர வேண்டும். அது முடியும்வரை வாசலில் யார் வந்து நின்றாலும் பதில் கிடைக்காது. ஒரு நாள் தெருமாடு ஒன்று கடைக்குள் தலையை விட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாழையிலையைத் தின்றுகொண்டிருந்தது. ஆசாரி கருமணியை முடித்தார், மூச்சை விட்டார், அதற்குப் பிறகுதான் "ஐ, போ" என்றார். மாடு அதற்குள் இலையை முடித்துவிட்டுத் தானாகவே போயிருந்தது.

கண் நோய் கண்டவர்கள் வேண்டிக்கொண்டு திருத்தணி முருகனுக்குச் செலுத்துகிற கண்மலர் செய்வது அவர் தொழில். வெள்ளியில் இரண்டு கண்கள். இமை, இமைமயிர், கருமணி எல்லாம் உண்டு. மலைப்படி தொடங்கும் இடத்தில், தேங்காய்க் கடைக்குப் பக்கத்தில் அவர் கடை. நெட்டை உருவம், வற்றிய உடம்பு, காதில் சிவப்புக்கல் கடுக்கன். எதைச் சொன்னாலும் கண்ணை வைத்துத்தான் சொல்வார். ரசம் கலங்கலாக இருந்தால் "பீளை கட்டின கண்ணு மாதிரி கீது" என்பார். வாங்க வருகிறவர்களிடம் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: "கண்ணுன்னா அது உன்னைத் திருப்பிப் பாக்கணும். பாக்காட்டி அது தகரம்."

தகரம் என்று அவர் சொன்னது இரண்டு கடை தள்ளியிருந்த பச்சையப்பனின் சரக்கை. பச்சையப்பன் வேறு யாருமல்ல, ஆசாரியின் மனைவி ரஞ்சிதத்தின் கூடப்பிறந்த தம்பி. தொழில் பழகியதும் ஆசாரியிடம்தான். ஆனால் இமை வரைக்கும் விட்டவர் கருமணியில் மட்டும் அவனைக் கை வைக்க விடவில்லை. கோபித்துக்கொண்டு போனவன் பட்டணத்தில் ஓர் இரும்பு அச்சு அடித்துக்கொண்டு வந்துவிட்டான். சுத்தியலால் ஒரு போடு போட்டால் ஒரு கண். கருமணி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புடைப்புத்தான் இருக்கும். "மீன் கண்ணு" என்பார் ஆசாரி. மனம் சரியில்லாத நாட்களில் "அவிச்ச முட்டை" என்பார். அவனிடம் வாங்கிக்கொண்டு போகிறவர்களைக் கூப்பிட்டு, இது கோயிலுக்கா, கருவாட்டுக் கடைக்கா என்று விசாரிப்பதும் உண்டு.

இப்படிப்பட்டவருக்குத்தான் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது.

முதலில் அவருடைய மூக்குத்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. ஒரு சாண் தள்ளி வைத்து வேலை செய்த தகடு அரைச் சாணுக்கு வந்தது, அப்புறம் நாலு விரலுக்கு வந்தது, கடைசியில் மூக்கு நுனியைத் தொட்டது. ஆசாரி வெள்ளியை முகர்ந்து பார்த்துத்தான் மாற்றுச் சொல்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவரோ எல்லாப் பழியையும் அப்போது நடந்துகொண்டிருந்த உலகச் சண்டையின் மேல் போட்டார். சண்டையால் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, விளக்கு புகைகிறது, வெள்ளியும் முன்னைப் போல இல்லை என்றார்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து பூவம்மாள் என்ற நெசவுக்காரப் பெண் வந்து அந்தச் சமாதானத்தை உடைத்தாள். போன வாரம் வாங்கிப்போன கண்களை அவள் அவருக்கு முன்னால் வைத்தாள். ஒரு கண் கடைத்தெருவைப் பார்த்தது. இன்னொன்று ஆகாயத்தைப் பார்த்தது.

"எம் புள்ளைக்கு மாறுகண்ணு சரியாவணும்னு வேண்டிக்கினு இருக்கேன்" என்றாள் பூவம்மாள். "நீ மாறுகண்ணே செஞ்சி குடுத்தா சாமி எதைக் குடுக்கும்?"

ஆசாரி தகட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் கண்ணுக்கு இரண்டும் நேராகத்தான் இருந்தன. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. கருமணி வராவிட்டால் தமக்கும் மைத்துனனின் இரும்பு அச்சுக்கும் வித்தியாசமில்லை என்பது அவருக்கு அன்றைக்குத் தெரிந்துவிட்டது.

பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று. ஆனால் அது வெளியே தெரியக் கூடாது என்றாள் ரஞ்சிதம். கண்ணுக்கு முருகனை நம்பச் சொல்லி விற்கிறவரே ரயிலேறி டாக்டரிடம் போனால் ஜனம் என்ன நினைக்கும்? ஆகவே ஆசாரி காளஹஸ்திக்குக் கல்யாணத்துக்குப் போயிருப்பதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பெயர் சொன்னதுதான் அவள் செய்த பிசகு.

டாக்டரிடம் ஆசாரி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். தூரத்தில் பார்க்கத் தமக்கு ஒன்றுமில்லை, உள்ளங்கை அளவு தெரிந்தால் போதும் என்றார். முதலில் வலது கண்ணை அறுப்போம், மற்றதை அப்புறம் பேசலாம் என்றார் டாக்டர். கத்தி கிட்டே வந்த நிமிஷத்தில், கண் வந்தால் ஒரு ஜோடி கண்மலர் செலுத்துகிறேன் என்று ஆசாரி வேண்டிக்கொண்டார். பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார்கள். தலைதான் அசையக் கூடாது, கைக்குத் தடையில்லை. வலது கை விரல்கள் போர்வையின் மேல் சின்னச் சின்ன வட்டம் போட்டபடியே இருந்தன. ஜன்னி கண்டுவிட்டதென்று நர்ஸம்மா பயந்து டாக்டரைக் கூட்டி வந்தாள்.

ஆசாரி திரும்பி வந்தபோது காளஹஸ்திக் கல்யாணம் ஒரே நிமிஷத்தில் கலைந்தது. அவர் மூக்கின் மேல் சோடாப் புட்டியின் அடிப்பாகம் போல ஒரு கண்ணாடி இருந்தது. அதற்குள் வலது கண் எலுமிச்சம்பழ அளவுக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் கும்பலாக வந்து பார்த்தார்கள்.

அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுகிற பச்சையப்பன் தன் கடையிலிருந்தே பேசினான். "பாவா முருகனுக்கு எத்தினி கண்ணு குடுத்திருப்பாரு. முருகன் ஒண்ணே ஒண்ணு திருப்பிக் குடுக்கல பாரு, டாக்டரு குடுக்கறாரு."

கண்ணாடியில் மலை தெரிந்தது. மலைமேல் மரம் தெரிந்தது, மரத்தில் குரங்கு தெரிந்தது. அரக்கோணத்திலிருந்து வருகிற ரயிலின் புகை தெரிந்தது. தெரியாதது கையில் இருந்த தகடு மட்டும்தான். அதற்குத் தனிக் கண்ணாடி உண்டாம். சண்டையால் கப்பல் வரவில்லையாம், வந்ததும் தருவார்களாம். "மலை எங்க போயிடப்போவுது, அதைப் பாத்துக்கினு உக்கார்றதுக்கு?" என்று ஆசாரி தமக்குள்ளேயே சலித்துக்கொண்டார். கண்ணாடி கண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும், நழுவக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை ரஞ்சிதம் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். காதுக்குக் காது நூல் கட்டினாள். அப்படியும் இறங்கினால் ஓடிவந்து ஒரு விரலால் மேலே தள்ளினாள். சோறு போடும்போதும் தள்ளினாள், அவர் தூங்கி விழும்போதும் தள்ளினாள்.

ஆசாரி கதவைச் சாத்திக்கொண்டு கருமணி வரைந்து பார்த்தார். புறப்பட்ட கோடு வீடு திரும்பவில்லை. நத்தை போன தடமாக எங்கேயோ போய் நின்றது. அந்தத் தகட்டை யாரும் பார்க்குமுன் உருக்கிவிட்டார். மறுநாள் வரைந்ததையும் உருக்கினார். வாடிக்கைக்காரர்களிடம் இன்னும் நாள் பார்க்கவில்லை என்றார். ஆடிக் கிருத்திகை நெருங்கியது. காவடிக் கூட்டம் அவர் கடையைத் தாண்டிப் பச்சையப்பன் கடையில் போய் நின்றது.

"கண்ணை வாங்கிக்கினு வேண்டுதலைக் குடுக்காம குந்திக்கினு கீறியே" என்றாள் ரஞ்சிதம். "கை எப்படி ஓடும்?"

அதில்தான் சிக்கல். தான் செய்ததைத் தானே செலுத்தினால் அது வேண்டுதல் ஆகாது, கண்மலர் இன்னொரு கைக்குக் காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும் என்று அவரே ஒரு சட்டம் வைத்திருந்தார். வீட்டு வெள்ளியைத் தட்டி எடுத்து வருகிற பணக்காரர்களிடம் காலமெல்லாம் இதைச் சொல்லித்தான் அவர் சரக்கு விற்றார். திருத்தணியில் கண்மலருக்கு இருந்ததோ இரண்டே கடை.

கிருத்திகைக்கு முந்தின நாள், ஊர் கண்ணயரும் உச்சி வெயிலில் அவர் பச்சையப்பன் கடை முன்னால் போய் நின்றார்.

"வாங்க பாவா. இன்னா வேணும்?"

"ஒரு ஜோடி கண்ணு."

"எது பாவா? மீன் கண்ணா, அவிச்ச முட்டையா?"

ஆசாரி மலையைப் பார்த்தார். வேறெதையும் பார்க்க அவருக்கு இடமில்லை. "எதுனா குடு" என்றார்.

பச்சையப்பன் ஒரு ஜோடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். "நல்லா பாத்து எடுத்துக்குங்க. அப்பாலே மாறுகண்ணுன்னு யார்னா திருப்பிக் கொண்டாந்துடப் போறாங்க."

"கிட்டத்துல எனக்குத் தெரியலடா" என்றார் ஆசாரி.

ரஞ்சிதத்திடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.  கொடுத்த ஜோடியைப் பச்சையப்பன் திரும்ப வாங்கிக்கொண்டு, பெட்டியின் அடியில் துழாவி, விளிம்பு நசுங்காத ஒரு ஜோடியைத் தேடி எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தான்.

மறுநாள் மலையேறினார்கள். முன்னும் பின்னும் காவடி, நடுவில் ஆசாரி, ஒரு படி கீழே ரஞ்சிதம். வியர்வை ஆசாரியின் நெற்றியிலிருந்து கொட்டியது. நூல் நனைந்து தளர்ந்தது. ஏறுகிற வழியெல்லாம் ரஞ்சிதம் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தாள். உண்டியலருகே வந்தபோது அவள் இரண்டு கையிலும் தேங்காய்ப் பழத் தட்டு இருந்தது. ஆசாரி குனிந்து மடியிலிருந்து கண்மலரை எடுத்தார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு மூக்கு நுனிக்கு வந்து நின்றது.

கண்ணாடி கண்ணைவிட்டுத் தள்ளி நின்றதும், உள்ளங்கையில் இரண்டு கண்கள் பளிச்சென்று தெரிந்தன. இமைமயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. நடுவே கருமணி இல்லாத மொட்டைப் புடைப்பும் தெரிந்தது.

ரஞ்சிதம் தட்டைக் கீழே வைத்துவிட்டு விரலை நீட்டிக்கொண்டு வந்தாள். "தொடாத" என்றார் ஆசாரி. அவர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இடுப்பு மடிப்பில் உளி இருக்கும். அதை எடுத்தார். வலது கண்ணை உண்டியலின் இரும்பு மூடிமேல் வைத்து, இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

பின்னால் வரிசை நின்றுபோயிருந்தது. காவடிக்காரர் ஒருவர், "இன்னாங்க இது, வேண்டுதலா வேலையா?" என்று கேட்டார். உண்டியல் மேல் கை வைக்கக் கூடாது என்று கோயில் காவல்காரர் அதட்டிக்கொண்டு வந்தார். ஆசாரி நிமிரவில்லை. கண்ணாடியைப் புறங்கையால் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, முடிந்த கண்ணை ரஞ்சிதத்தின் நீட்டிய விரல்களுக்குள் வைத்து மூடிவிட்டு, இடது கண்ணை எடுத்து இரும்பின் மேல் வைத்தார்.