கடலைக் கொல்லையில் நின்ற கார்கள்

திருத்தணி மலையின் பின்பக்கச் சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டுக் கொல்லை இருக்கிறது. எனக்கும் தம்பிக்கும் பொது. மழை பெய்தால் வேர்க்கடலை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் மனைக்கு விற்றுவிட்டார்கள். அவர்கள் கொல்லையில் இப்போது மஞ்சள் வர்ணம் அடித்த கல்தான் விளைகிறது. கல்லைக் குரங்கு தின்னாது. பன்றி தோண்டாது. களை எடுக்க ஆள் தேட வேண்டாம். ஆளெல்லாம் விடியும்போதே கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள்.

தம்பிக்கும் விற்க ஆசை. நான் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் ஒன்று பேசிக்கொண்டோம். இந்த வருஷம் கடலை வீட்டுக்கு வந்தால் நிலம் இருக்கும். வராவிட்டால் நான் கையெழுத்துப் போட வேண்டும். புரோக்கர் சாட்சி. அவர் எங்கள் கொல்லையை என்னைவிட அடிக்கடி வந்து பார்ப்பவர்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டம் வண்டியை எங்கள் கொல்லையில்தான் விடும். நைனா காலத்தில் மாட்டு வண்டி. இப்போது வேன். அதனால் கிருத்திகை முடிந்துதான் விதைப்போம். அதற்குள் முதல் மழை போயிருக்கும். வேன்களை வரிசையாக நிறுத்துவது தம்பி வேலை. விசில், சிவப்புத் துணி எல்லாம் வைத்திருக்கிறான். விவசாயத்தில் அவனுக்குப் பிடித்த பாகம் அதுதான்.

இந்த வருஷம் மலை விவசாயத்தைக் காப்பாற்றும் திட்டம் என்று சிலர் வந்தார்கள். முதல் மழையிலேயே விதைக்கச் சொன்னார்கள். நல்ல யோசனையாகப் பட்டது. விதைத்தேன். முளைத்தது. சுற்றி முள் வெட்டிப் போட்டேன். கிருத்திகையன்று கம்போடு முள்ளோரம் உட்கார்ந்தேன். வந்தவர்கள் திட்டினார்கள். சாமி கண்ணைக் குத்தும் என்றது ஒரு அம்மா. புதிதாக மொட்டை போட்ட ஒருவர் அடிக்கவே வந்தார். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு செடியும் சாகவில்லை.

அப்புறம் திட்டக்காரர்கள் மலையடியில், எங்கள் கொல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். பின்னால் பேனர். 'மலைப்பகுதி விவசாயமும் நீடித்த வளர்ச்சியும்' என்று எழுதி, பச்சையாக ஒரு மலை போட்டிருந்தது. எங்கள் மலை இல்லை. ஊட்டியாக இருக்கும். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மலையோரத்தில் விவசாயம் குறைந்துகொண்டே போகிறது என்று ஒருவர் மாற்றி ஒருவர் எனக்குச் சொன்னார்கள். எல்லாரும் கேழ்வரகு சாப்பிட வேண்டும் என்றார்கள். பிறகு வெள்ளைச் சோறு போட்டார்கள்.

சால்வையோடு கொல்லைக்குப் போனேன். முள் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தது. கொல்லை முழுக்கக் கார். நடுவில் தம்பி, வாயில் விசில்.

“இன்னாடா இது?”

விசிலை எடுத்துவிட்டுச் சொன்னான். “உன்ன பாக்கத்தாண்ணா இத்தினி பேர் வந்துகிறாங்க. வண்டிய வேற எங்க வுடறது, மலை மேலயா?”

முருகனுக்கு வந்த கூட்டத்தைத் தடுத்துவிட்டேன். எனக்கு வந்த கூட்டத்தைத் தடுக்க முடியவில்லை.

திட்டத்தின் பெரிய அதிகாரி வந்தார். செடியைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். ரொம்ப வருத்தப்பட்டார். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார். காரைப் பின்னால் எடுத்தார். இன்னொரு வரிசைச் செடி போனது.

வேண்டுமென்று செய்தானா, பழக்கத்தில் செய்தானா என்று தம்பியைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான்.

காருக்கும் காருக்கும் நடுவில், கதவைத் திறக்க விட்ட சந்தில் செடி நின்றது. அதற்குக் களை எடுத்தேன், மண் அணைத்தேன். குரங்குக்குக் கொஞ்சம் போனது. பிடுங்கினால் ஒரு முறம் வந்தது. அவ்வளவையும் உப்புப் போட்டு அவித்தேன். தம்பியையும் புரோக்கரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, சட்டியை நடுவில் வைத்தேன். புரோக்கர் பத்திரப் பேச்சு பேசிக்கொண்டே உரித்தார். தம்பி இரண்டாவது பிடி அள்ளியதும் கேட்டேன்.

“கடலை வூட்டுக்கு வந்துச்சா, வரலியா?”

மென்று முடித்தான். “இதெல்லாம் ஒரு வெள்ளாமையாண்ணா?”

“அப்ப நீ துன்னுகினு கீறது இன்னா?”

அவன் கையில் இருந்ததைப் பார்த்தான். கீழே போடவில்லை. புரோக்கர் மடியில் இருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். உப்பு கொஞ்சம் கம்மி என்றார். அடுத்த ஆடிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் அவித்துவிட்டால் விதைக்கு என்ன செய்வது என்று என் வீட்டுக்காரி கேட்டாள். திட்டக்காரர்களைக் கேட்கலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. தோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.