தழும்பில்லாத கை

எங்கள் வீட்டில் தழும்பில்லாத கை ஒன்றே ஒன்றுதான். அது என் தங்கையுடையது.

மற்ற மூன்று பேருக்கும் அம்மை குத்திய தழும்பு இருந்தது. அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே சத்தியவேட்டுப் பக்கம் அவள் ஊரில் குத்திவிட்டார்கள். தலைப்பிரசவத்துக்கு அவள் அங்கே போயிருந்தபோது எனக்கும் குத்திவிட்டார்கள். நைனாவுக்கு இடது புஜத்தில் இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக. கல்யாணத்துக்கு முன்னால் அவர் மெட்ராஸில் ஒரு மில்லில் மூட்டை தூக்கப் போனார். அம்மை குத்திக்கொண்டவனைத்தான் கேட்டுக்குள் விடுவோம் என்றார்களாம். சட்டையைக் கழற்றிக் கையை நீட்டியிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு எந்தச் சாமியும் குறுக்கே வரவில்லை.

தங்கை பிறந்தது திருப்பதியில். நைனா அப்போது ஸ்டேஷனுக்கும் திருச்சானூருக்கும் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அறுபதுகளின் கடைசி அது. அவளுக்குக் கங்கம்மா என்று, ஊர்த் தெய்வமான ஆத்தாவின் பேரையே வைத்தார். ஆத்தா பேர் வைத்த பிள்ளைக்கு ஆத்தாவால் என்ன கெடுதல் வரும் என்பது அவருடைய கணக்கு.

அவளுக்கு மூன்று வயதானபோது அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தது, கங்கம்மா கோயில் ஜாத்திரைக்குத் தண்டோரா போட்ட மறுநாள். தண்டோரா போட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள். ஆத்தா ஊருக்குள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். வந்த ஆத்தாவின் எதிரில் பிள்ளைக்கு ஊசி குத்துவது, அவள் நடக்கிற பாதையில் முள்ளைப் போடுவது மாதிரி என்று நைனா சொன்னார். அம்மா முந்தின நாளே கேட்டுப் பார்த்தாள். எனக்குக் குத்தினார்களே, எனக்கு என்ன ஆகிவிட்டது என்றாள். அவளுடைய ஊர்ப் புத்தியை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார்.

சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த மனுஷர் தெலுங்கில் விசாரித்தார். சின்னப் பெண்ணை என் மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று நைனா தெலுங்கிலேயே பொய் சொன்னார். அந்தச் சின்னப் பெண் பின்கட்டுக் குளியல் தடுப்புக்குள் அம்மா மடியில் இருந்தாள். அழுதால் கேட்கும் என்று வாயில் வெல்லத்தைத் திணித்து, அதற்கு மேல் கையால் பொத்தியிருந்தாள் அம்மா. நைனா அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார். அம்மை குத்துகிறவர் என் கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்துவிட்டு, முதுகில் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஜாத்திரை முடிந்த சூட்டில் தங்கைக்கு அம்மை போட்டது. மழைக்கு முன் வருகிற சின்ன அம்மை இல்லை, பெரியம்மை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அம்மா கெஞ்சினாள். நைனா வண்டியைக்கூட விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பங்கொத்தால் வீசினார். அவர் கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை. அவருக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"ஆத்தா வெளையாடிக்கினு கீறா. ஆடிட்டுப் பூடுவா" என்றார்.

ஆத்தா போனாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று நல்ல உச்சி வெயில். தங்கை அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, "எம்மா, வெளக்கு ஏத்தும்மா" என்றாள்.

அதற்கப்புறம் அம்மா அந்த வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள். நைனாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஆத்தாவைக் கேட்ட மாதிரி என்று தெருவே சொல்லி வைத்திருந்தது.

மறு வருஷம் ஜாத்திரை வந்தது. திருப்பதியில் அந்த வாரத்தில் ஆம்பிளைகளும் பையன்களும் நாளுக்கு ஒரு வேஷம் போடுவார்கள். ஒரு நாள் நாமக்கட்டியைக் குழைத்துப் பூசுவது, ஒரு நாள் குங்குமம், ஒரு நாள் கரி. குங்கும நாளில் வேஷக்காரன் யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். அது ஆத்தா திட்டுவது. வாங்கிக்கொள்கிறவன் கோபப்படக்கூடாது, பதில் பேசக்கூடாது.

பையன்கள் எல்லோரும் தெலுங்குக் கெட்ட வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு அம்மா தனியாக ஒன்று சொல்லிக்கொடுத்தாள், தமிழில். மாவு அரைத்துக்கொண்டே வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். பிசகினால் மறுபடி முதலிலிருந்து. மற்ற பையன்களிடம் இல்லாத சரக்கு என்னிடம் இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. குங்குமத்தை அவளே பூசினாள். இடுப்பில் வேப்பிலை கட்டினாள். ஜட்கா ஸ்டாண்டுக்குப் போய் நைனாவின் எதிரில் நின்று சொல்லச் சொன்னாள்.

போனேன். நைனா குதிரைக்குக் கொள்ளுப் பையை மாட்டிக்கொண்டிருந்தார். தன் பிள்ளையே திட்ட வந்திருக்கிறான் என்றதும் வண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"டேய் கைய நீட்டினவனே, மில்லுக்குள்ள போறதுக்கு உன் கைய நீட்டினியே, பெத்த பொண்ணு கைய ஏண்டா ஒளிச்சே? உனுக்குக் கையில ரெண்டு தழும்பு. அவளுக்கு மூஞ்சியெல்லாம் தழும்பு. பழிய ஆத்தா தலயில போட்டுட்டு நீ கண்ணோட கீறியேடா."

தெலுங்குக்காரர்கள் தொடர்ந்து சிரித்தார்கள். தமிழ் தெரிந்த இரண்டொருவர் நிறுத்திவிட்டார்கள். நைனாவின் வலது கை தானாகப் போய் இடது புஜத்தை மூடியது. அவ்வளவுதான், இப்போது அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அவர் மெதுவாகக் குனிந்து, என் மார்பிலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். கைகூப்பினார்.

"ஆத்தா நல்லா திட்டிட்டா. புண்ணியந்தான்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான். ஐந்தாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரியில் கிளீனராக நாயுடுபேட்டை ரோட்டிலும் அதைத் தாண்டியும் சுற்றியிருக்கிறேன். ரோட்டோரம் தூங்கியிருக்கிறேன், அடிபட்டிருக்கிறேன், பலபேரை மன்னித்தும் இருக்கிறேன். அந்த நெற்றிக் குங்குமத்தை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ஒரு வருஷமாக அம்மா நெஞ்சில் வைத்திருந்ததை, அவர் பிரசாதம் மாதிரி வாங்கித் துடைத்துப் போட்டுவிட்டார்.

ஆனால் அன்றைக்கு நான் குதித்துக்கொண்டுதான் வீட்டுக்கு ஓடினேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டேன் என்றேன். நைனா என்ன செய்தார் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். தங்கையை ஒளித்து வைத்த அதே குளியல் தடுப்புக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீரை மொண்டவள் ஊற்றாமல், சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"வேஷம் கலையறதுக்குள்ள என்னையும் திட்டுடா."

"உன்ன எதுக்கும்மா?"

அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்தேன். அவளைத் திட்ட எனக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.